அறிக்கையில் நான் சேர்த்த வரி

எண்ணெய்ப் பாட்டில் கைக்கு வந்ததும் முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். இத்தனை கருவி வாங்கிப் போட்டிருக்கிறேன், மூக்கை எதற்கு நீட்டுகிறீர்கள் என்று எங்கள் லேப் சார் பல தடவை கேட்டுவிட்டார். பதினாறு வருடப் பழக்கம், விடவில்லை. நல்ல கியர் ஆயிலில் கந்தகம் கலந்த ஒரு கனத்த வாடை இருக்கும். அதிகம் சூடேறிக் கெட்டது, வடை சுட்டு மீந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் வருமே, அப்படிக் காறும். வீட்டுக்குப் போய் எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாடை போகாது. நான் பிசைந்து வைத்த சப்பாத்தி மாவை என் மகள் சந்தேகமாகத்தான் பார்ப்பாள்.

எங்கள் லேப் கோவில்பட்டி பைபாஸ் பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்குள் இருக்கும் எண்ணெய் இன்னும் எத்தனை நாள் தாங்கும், அதில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, மண் சேர்ந்திருக்கிறதா, உள்ளே பல்சக்கரம் தேய்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளிலிருந்து கியர் ஆயில் வரும். நூல் மில்களிலிருந்து வரும். ஜின்னிங் ஃபேக்டரிகளில் கொட்டை பிரித்த பஞ்சை அழுத்தி பேல் கட்டுகிற பெரிய பிரஸ்களிலிருந்து ஹைட்ராலிக் ஆயில் வரும். பங்குனி, சித்திரையில் வருகிற எந்த எண்ணெயிலும் கொஞ்சம் கரிசல் தூசி இருக்கும். வெளியூர்க்காரர்கள் அந்த அளவைப் பார்த்தால் பதறிப்போவார்கள். நாங்கள் பதற மாட்டோம். சோற்றிலேயே கரிசல் தின்கிறவர்கள், எண்ணெயில் இருந்தால் என்ன?

தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு நவீனக் கருவி உண்டு. ஆனாலும் முதலில் சூடான தட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பேன். தண்ணீர் இருந்தால் கடுகு மாதிரி வெடிக்கும். இல்லையென்றால் சத்தமில்லாமல் பரவும். அடுத்து, எண்ணெயைக் கரைப்பானில் கலந்து மெல்லிய வெள்ளை வடிதாளில் வடிகட்டி, தாளில் என்ன தங்குகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். பளபளவென்று மின்னினால் தேய்ந்த உலோகம். கண்ணாடித் துணுக்கு மாதிரி இருந்தால் மண். சிவப்பாக இருந்தால் துரு.

இந்தச் சிவப்புதான் என்னைக் கவிழ்த்தது.

சாம்பிள் எடுப்பதற்கென்று சுத்தமான பாட்டில்களை நாங்களே கொடுத்து அனுப்புவோம். எல்லோரும் அதிலேயே அனுப்புவார்கள் என்று நினைத்தால் அது நம் முட்டாள்தனம். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வரும். இருமல் மருந்து பாட்டிலில் வரும். ஒரு தடவை நல்லெண்ணெய் பாட்டிலில் வந்து, அதைக் கொண்டுவந்தவரை நான் படிக்கட்டிலேயே நிறுத்தி ஒரு பாட்டம் திட்டி அனுப்பினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அது ஊருக்கே தெரியும்.

நான் ஒருபோதும் திட்டாத ஆள் ஒருவர் இருந்தார். எட்டயபுரம் சாலையில் உள்ள ஒரு ஜின்னிங் ஃபேக்டரியில் பிரஸ் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தெட்டு இருக்கும். பிரஸ் அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, தொட்டியின் நடுவிலிருந்து, முதல் கொஞ்சத்தைக் கீழே ஊற்றிவிட்டு எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதை ஒரு வரி பிசகாமல் செய்வார். பாட்டிலில் முக்கால் அளவுதான் இருக்கும். தேதி, நேரம், எத்தனை மணி நேரம் ஓடியது என்று குண்டுகுண்டான எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பார். மூடியின் மேல் ஒரு சந்தனப் பொட்டு இருக்கும். பரீட்சைக்குப் போகிற பிள்ளையை அனுப்புவது மாதிரி பொட்டு வைத்து அனுப்புகிறாரே என்று ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொள்வேன். அவர் எண்ணெயும் அந்தப் பிள்ளை மாதிரி எப்போதும் பாஸ்தான்.

போன வருடம் மாசிக் கடைசியில் அவருடைய பாட்டில் வந்தது. அன்றைக்கு ஒரு காற்றாலைக் கம்பெனியிலிருந்து பதினெட்டு பாட்டில்கள் மேசையில் வரிசையாக நின்றன. இவருடையதை நடுவில் எடுத்துப் பார்த்தேன். வாடை சரி. தட்டில் விட்ட சொட்டு வெடிக்கவில்லை. ஆனால் வடிதாளில் சிவப்புச் சிவப்பாகத் துகள்கள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. முந்தின வாரம்தான் காலம் தப்பி ஒரு மழை பெய்திருந்தது. மழை, திறந்த தொட்டி மூடி, தண்ணீர், துரு என்று என் புத்தி கடகடவென்று முடிச்சுப் போட்டுவிட்டது. தண்ணீர் இல்லையே என்றால், பிரஸ் சூட்டில் ஆவியாகப் போயிருக்கும் என்று அதற்கும் ஒரு பதில். துகள்களின் கீழே காந்தத்தை நகர்த்தி அசைகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். அன்று பார்க்கவில்லை. மிச்சம் இருந்த பாட்டில்கள் கண்ணுக்கு முன்னால் நின்றன.

துருத் துகள்கள் உள்ளன என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். லேப்பின் வேலை அதோடு முடிகிறது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. கேட்காத கேள்விக்கும் பதில் எழுதினால்தான் என் அறிவு நாலு பேருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரி சேர்த்தேன்: எண்ணெய்த் தொட்டியின் மூடி மழை நேரத்தில் திறந்து கிடந்ததாகத் தெரிகிறது.

அறிக்கை வாட்ஸ்அப்பில் போனது. நான் மறந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அதே பிரஸ்ஸிலிருந்து அடுத்த பாட்டில் வந்தது. சிவப்பு இல்லை, அப்படியே எழுதி அனுப்பினேன். மறுநாள் அந்த ஃபேக்டரி முதலாளியே போன் செய்தார். "மேடம், நீங்க சொன்னது அச்சு அசலா இருந்துச்சு. தொட்டிய வடிச்சுக் கழுவிப் புது ஆயில் ஊத்திட்டோம். ஆளையும் மாத்தியாச்சு. இப்ப பாருங்க, கிளீனா வந்திருக்கு" என்றார். நான் பெருமையோடு போனை வைத்தேன். ஆளை மாற்றியாச்சு என்ற சொல் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. புகழ்ச்சி மட்டும்தான் உள்ளே போனது.

புது ஆள் சாம்பிளை வாய் வரை நிரப்பி அனுப்பியிருந்தான். அதனால் எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுக்க, சித்திரை முதல் வாரத்தில் ஒருநாள் நானே அந்த ஃபேக்டரிக்குப் போனேன். உள்ளே நுழையும்போது முற்றத்துக் கொட்டகையில் பஞ்சுக் குவியலுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கறைபட்ட பஞ்சைப் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையை வழக்கமாகப் பெண்கள்தான் செய்வார்கள். கூர்ந்து பார்த்தேன். பிரஸ் ஓட்டுகிற அண்ணாச்சி.

"வாங்க மேடம். இந்த வெயில்ல வருதீங்களே. மோர் வாங்கியாரச் சொல்லட்டுமா?" என்று எழுந்தார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க ஏன் இங்கன உக்காந்திருக்கீங்க?"

"உங்க ரிப்போர்ட் வந்துச்சுல்லா, அதுக்குப் பொறவு மொதலாளி மாத்திட்டாவ. அவியளக் குத்தம் சொல்லக் கூடாது. மூடிய நான் தொறந்து போட்டா, பாவம், அவிய என்ன செய்வாவ?"

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

"நீங்க தொறந்து போட்டீங்களா?"

அவர் கையிலிருந்த பஞ்சைப் பிய்த்தார். "மூடுன மாதிரியேதான் இருக்கு தாயி. மழ பெஞ்ச அன்னைக்கு சாக்கு வேற போட்டு மூடுன மாதிரி இருக்கு. ஆனா உங்க மெஷின் பொய் சொல்லாதுல்லா. அப்ப நான்தான மறந்திருக்கேன்?"

அவரே தொடர்ந்தார்.

"வேல போனாக்கூடப் பரவாயில்ல. எங்கப்பாவுக்கு இந்த வயசுலதான் ஆரம்பிச்சது. மொதல்ல தோட்டத்துல மோட்டார நிப்பாட்ட மறந்தாரு. பொறவு வீட்டுக்கு வார வழிய மறந்தாரு. கடசில என்னையப் பாத்து, அண்ணாச்சி நீங்க எந்த ஊருன்னு கேட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. "அதான் நானே முந்திக்கிட்டேன். வண்டி ஓட்டுறத விட்டாச்சு. எங்கயாவது கொண்டு போய் முட்டிட்டா? சாவிய எங்க வீட்டம்மாட்ட குடுத்து, எனக்குத் தெரியாத எடத்துல வையின்னு சொல்லிட்டேன். மினி பஸ்லதான் வாரேன். கேஸ் அடுப்புப் பக்கமும் போறதில்ல."

மனிதர் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தன்னைத் தானே காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் நான் எழுதிய ஒரு வரியை நம்பி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறந்ததில் கெட்டது இன்னொருவர்.

"வேற எதையும் மறந்திருக்கீங்களா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டேன்.

"அதான் புரிய மாட்டேங்கு. சாம்பிள் எடுத்த அன்னைக்கு நடந்தது எல்லாம் அப்படியே கண்ணுக்குள்ள நிக்கி. சீசனோட மொதப் பேல் பூச அன்னைக்கு. வருசா வருசம் புதுப் பஞ்சு பிரஸ்ல ஏறும்போது செய்யுறதுதான். நான்தான் குளிச்சுட்டு வந்து பிரஸ்ஸுக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வச்சேன். சூடம் காட்டி மொத பேல் போட்டோம். கையோட உங்க பாட்டிலையும் தொறந்து சாம்பிள் பிடிச்சேன். சந்தனம் தீந்துட்டு, அதனால பாட்டில் மூடிக்குக் குங்குமம் வச்சேன். இம்புட்டும் ஞாபகம் இருக்கு. அந்தத் தொட்டி மூடி மட்டும்தான்..."

கையோடு என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்க வந்ததை அடியோடு மறந்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்து லேப்புக்குத் திரும்பினேன். மறதிக்காரி யார் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

வந்த பாட்டில்களை மூன்று மாதம் வைத்திருந்துதான் அகற்றுவோம். அலமாரியின் கீழ்த்தட்டில் அவருடையது இருந்தது. மூடியில் குங்குமப் பொட்டு கலைந்து கிடந்தது. திறந்து பார்த்தேன். பாட்டில் வாயின் மரைகளில் சிவப்பு அப்பியிருந்தது. பழைய வடிதாளை ஃபைலிலிருந்து எடுத்து, கீழே காந்தத்தை வைத்து நகர்த்தினேன். ஒரு துகள்கூட அசையவில்லை. தேய்ந்து துருப்பிடித்த இரும்பாக இருந்தால் கொஞ்சமாவது அசைந்து கொடுத்திருக்கும். பிறகு ஸ்பிரிட்டில் ஒரு சொட்டு எடுத்துத் தாளில் விட்டேன். துருவுக்கு ஸ்பிரிட்டில் ஒன்றும் ஆகாது. இங்கே ஒவ்வொரு துகளைச் சுற்றியும் சாயம் கசிந்து பரவியது. வியர்த்த நெற்றியைத் துடைத்த கைக்குட்டை மாதிரி ஆயிற்று அந்தத் தாள்.

அதே குங்குமம் என் நெற்றியிலும் இருந்தது. தினமும் காலையில் தொட்டு வைக்கிற பொருளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் துரு என்று எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுதேன். கீழே லேத் பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது. பாட்டிலின் அடியில் இருந்த எண்ணெயை, பாட்டில் வாயில் படாமல் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்து மறுபடி எல்லாச் சோதனையும் செய்தேன். துருவும் இல்லை, தண்ணீரும் இல்லை. நல்ல எண்ணெய். அதைத்தான் வடித்துக் கொட்டியிருக்கிறார்கள்.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடுத்த ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னு போட்டுருவோம். பழசக் கிளற வேண்டாம். லேப் தப்புப் பண்ணிட்டுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் நம்மகிட்ட பாட்டில் குடுப்பான்?"

"பழசு ஒரு மனுசன் தலையில ஏறி உக்காந்திருக்கு சார். அவரு தனக்குப் புத்தி பெரண்டுட்டுன்னு நம்பிக்கிட்டு இருக்காரு."

வழக்கமாக நான் கத்துவேன். அன்று மெதுவாகத்தான் சொன்னேன். அதனாலோ என்னவோ அவர் இறங்கி வந்தார். பழைய அறிக்கையை எடுத்து வரச் சொல்லிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரலை வைத்தார்.

"இத யாரு உங்கள எழுதச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை என்றேன். திருத்த அறிக்கையை நானே எழுதினேன். சாம்பிள் எடுக்கும்போது குங்குமம் கலந்துவிட்டது, அதைத் துரு என்று குறித்தது லேப்பின் பிழை, தொட்டி மூடி திறந்து கிடந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. சார் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் கையிலேயே கொண்டு போனேன்.

முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். எங்கள் பக்கத்து வியாபாரிகள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். தாளை மேசையில் வைத்து நீவிவிட்டார்.

"குங்குமமா?"

"ஆமா."

"நான் அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நீங்க எழுதுனதப் பாத்ததும் கேக்கத் தோணல" என்றார். "சரி. அவர இன்னைக்கே பிரஸ்ஸுக்குப் போகச் சொல்லுதேன்."

நானே சொல்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். அண்ணாச்சி எழுந்து நின்றார். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். குங்குமம் என்றதும் அவர் தன் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டார். "அட, ஏங் கைதானா?" என்றார். கடைசி வரியைச் சொன்னபோது, "அத இன்னொரு தடவ சொல்லுங்க தாயி" என்றார்.

"தொட்டி மூடி தொறந்து கிடந்ததுக்கு எந்த ஆதாரமும் இல்ல."

"அப்ப நான் மறக்கல?"

"மறக்கல அண்ணாச்சி. நான்தான் தப்பா எழுதிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க."

"அப்ப எனக்கு அந்தச் சீக்கு இல்லன்னு சொல்லுதீங்களா?"

அவர் அப்பாவுக்கு வந்தது இவருக்கு வராது என்று சொல்ல நான் யார்? ஏற்கெனவே தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி எழுதித்தான் இந்தப் பாடு. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அன்னைக்கு மூடி தொறந்து கிடந்துச்சுன்னு நான் எழுதுனது தப்பு. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அது போதும் என்பது போலத் தலையாட்டினார். பிரஸ்ஸுக்குத் திரும்பப் போகலாம், முதலாளி சொல்லிவிட்டார் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பஞ்சு ஒட்டியிருந்த விரலால் தட்டினார். வீட்டுக்கு. இரண்டு மூன்று தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"ஏட்டி, வண்டிச் சாவிய எங்க வச்சிருக்க? ... அத எடுத்து வெளிய வையி. ... ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன். நாளைக்கு வண்டியிலதான் வேலைக்கு வரப் போறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ கேட்டார்கள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் மூடியிருக்கேன்டி," என்றார். "அன்னைக்கு நான் மூடித்தான் இருக்கேன்."